பானெட்டில் படிந்த மூச்சு

இதைப் படித்துவிட்டு "சும்மா கதை விடுறான்" என்று சொல்லப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கதை விடுவதாக இருந்தால் என்னை நல்லவனாகக் காட்டிக்கொண்டு விட்டிருப்பேன். இதில் நான் நல்லவன் இல்லை. நடந்தது டிசம்பர் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை. மூன்று பன்னிரண்டிலிருந்து மூன்று இருபத்து மூன்று வரை. ஷெட்டுச் சுவரில் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

மூன்று மணி என்றால் மதியம் மூன்று மணி. ஆனால் வெயிலை நினைத்துக்கொள்ள வேண்டாம். வட துருவத்தை ஒட்டிய எங்கள் ஷெலெஃப்தியோ பக்கம் டிசம்பரில் அந்த நேரத்துக்கெல்லாம் கும்மிருட்டு. அன்று வெளியே மைனஸ் பத்தொன்பது. ஷெட்டுக்குள் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நானும் என் காரும் மட்டும்தான் இருந்தோம்.

கார் ஐம்பத்தொன்பதாம் வருடத்து அமெரிக்க வண்டி. கருப்பு. ஆறு வருடமாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஈஸ்டர் கார் கண்காட்சியில் சிறந்த பெயிண்டுக்கான பரிசை இரண்டு முறை கைக்கெட்டும் தூரத்தில் விட்டவன் நான். கருப்பில் நல்ல பளபளப்பு வந்துவிட்டால் கருப்பே கண்ணுக்குத் தெரியாது. மேலே எரியும் டியூப் லைட் பானெட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி விழ வேண்டும். துளி நெளிவு இருந்தாலும் தோற்றாய். அந்த நெளிவு வராமல், நிறத்துக்கு மேல் கண்ணாடி மாதிரிப் பூசும் கடைசி கிளியர் கோட்டை அடிக்கத் தெரிந்த கை எங்கள் ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. என் சிநேகிதன் இங்வேயின் கை.

முப்பது வருடம் ஸ்ப்ரே கன் பிடித்தவன். நான் வாட்டர் பேப்பரும் பாலிஷுமாக முதுகு ஒடியத் தேய்ப்பதைப் பார்த்து நக்கலடிப்பான். "டேய், நீ தேய்ச்சுத் தேய்ச்சு வரவைக்கிற. எனக்கு கன்லயே வருதுடா" என்பான். உண்மைதான், அதனால்தான் எனக்கு எரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவன் நுரையீரல் மக்கர் பண்ணியது. கிளியர் இறுகுவதற்காகக் கலக்கும் ஹார்டனரின் ஆவி உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டது. இனி அந்தப் பக்கமே போகக் கூடாது, ஒரு மூச்சு உள்ளே போனாலும் ஆபத்து என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இங்வே கன்னை வைத்துவிட்டு, ரோட்டில் பனி தள்ளும் வண்டி ஓட்டப் போனான்.

இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் நவம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை அவனுக்கு போன் செய்தேன். ஒரே ஒரு கோட், உன் கை பட்டால் போதும் என்றேன். "ஷ்ஷுப்..." என்று மூச்சை உள்ளே இழுத்தான். எங்கள் வடக்கத்தி ஆட்கள் 'சரி' என்பதை வாயால் சொல்ல மாட்டோம். மூச்சை இழுத்தால் அதுதான் சரி. தெற்கே இருப்பவர்கள் இதை வைத்துக் கேலி செய்வார்கள்.

அன்றைக்கே மனைவி குன்வோரிடம் டயர் மாற்றப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தான். என் ஷெட்டில் இருந்த, வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் மாஸ்க் வேலை செய்யவில்லை. ரிப்பேர் பண்ணி அடுத்த வாரம் அடிக்கலாமா என்று கேட்டான். நான் சொன்னது இதுதான், ஓர் எழுத்துகூட மாற்றவில்லை:

"சாதா மாஸ்க் போதும்டா. அரை மணி நேரம்தானே."

அடித்தான். முடித்துவிட்டு இருமினான். பானெட்டைக் குனிந்து பார்த்துச் சிரித்தான். மறுநாள் விடியற்காலை நாலு நாற்பதுக்கு, வீட்டில், மூச்சுத் திணறி இறந்துபோனான்.

அடக்கம் முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது குன்வோர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இங்வே அன்னிக்கு உன் ஷெட்ல ஸ்ப்ரே எதுவும் பண்ணலையே, ஸ்டெல்லான்?"

"இல்ல குன்வோர். டயர் மட்டும்தான் மாத்தினோம்."

"அப்ப என் நாற்காலிங்கதான்."

அந்தச் சனிக்கிழமை அவர் சமையலறையில் வைத்து நான்கு நாற்காலிகளுக்கு பெயிண்ட் அடித்திருந்தார். சாதாரணத் தண்ணீர் பெயிண்ட். குழந்தை பக்கத்தில் படுத்துத் தூங்கினாலும் ஒன்றும் ஆகாது. எனக்குத் தெரியும். கேக்கை முள்கரண்டியால் குத்திக்கொண்டே இருந்தேன். புருஷனைத் தானே கொன்றுவிட்டதாக நம்பிக்கொண்டு அவர் எழுந்து போனார். நான் ஷெட்டுக்குப் போய் கார் மேல் துணியைப் போர்த்தினேன்.

ஒரு மாதம் கழித்துத் துணியை எடுத்தேன். அதுதான் அந்த வியாழக்கிழமை. ரெண்டாயிரம் நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து வைத்துக்கொண்டு பார்த்தால்... தேய்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. டியூப் லைட் நேர்க்கோடாக விழுந்திருந்தது. கன்லயே வந்திருந்தது. பேப்பரை ஓரமாக வைத்துவிட்டு மெஷினில் மெல்லிசாக ஒரு பாலிஷ் மட்டும் ஓட்டினேன்.

பிறகு ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலை மறைத்துவிடும், அதனால் எல்லோரும் செய்வதுதான். அதற்குப் பிறகு பெயிண்ட் மேல் வாயை வைத்து "ஹா" என்று ஊதிப் பார்ப்போம். படிந்த ஆவி ஓரத்திலிருந்து சீராகச் சுருங்கி மறைந்தால் பெயிண்ட் சுத்தம். வலது பக்கம் ஊதினேன். சீராக மறைந்தது. மணி மூன்று பன்னிரண்டு.

இடது பக்கம் இன்னொரு ஆவி படிந்தது.

நான் அங்கே ஊதவில்லை. கை எட்டாத தூரம். உள்ளங்கை அகலத்துக்கு, வெள்ளையாக... வந்தது. சுருங்கியது. மறைந்தது.

மறுபடி வந்தது.

ஹீட்டர் காற்றாக இருக்கும் என்று ஹீட்டரை அணைத்தேன். கதவு இடுக்கில் பனிக்காற்று வருகிறதா என்று கையை வைத்துப் பார்த்தேன். காற்றே இல்லை. திரும்பி வந்தேன். அதே இடம். வந்தது, மறைந்தது. கடிகார முள்ளைப் பார்த்து எண்ணினேன். நாலு நொடிக்கு ஒன்று.

துணியால் துடைத்தேன். துணி ஈரமானது.

ஹீட்டர் நின்றதால் ஷெட் அமைதியாகிவிட்டது. அப்போதுதான் சத்தம் கேட்டது. லேசாக. விசில் மாதிரி... "ஈஈ... ஈஈ..."

இங்வே கடைசி கோட்டை முடித்துவிட்டு அப்படித்தான் மூச்சு விட்டான்.

ஓடத் தோன்றவில்லை. பயத்தைவிட அசிங்கமாக இருந்தது எனக்கு. மாட்டிக்கொண்ட திருடன் மாதிரி கையில் துணியோடு நின்றேன்.

"இங்வே... நான்தான்டா பண்ணேன். தெரிஞ்சுதான் கூப்பிட்டேன்."

ஆவி வேகமாக வர ஆரம்பித்தது. இரண்டு நொடிக்கு ஒன்று. சின்னச் சின்னதாக.

"குன்வோர்கிட்ட சொல்லிடறேன்."

வந்தது.

மறைந்தது.

வந்தது...

மணி மூன்று இருபத்து மூன்று.

"நாளைக்குக் காலைல போய்ச் சொல்லிடறேன். சரியா?"

"ஷ்ஷுப்..."

அவ்வளவுதான்.

பானெட்டில் டியூப் லைட் மட்டும் நேராகக் கிடந்தது. அரை மணி நேரம் நின்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான், மன்னித்துவிட்டான் என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு மாதத்துக்குப் பிறகு அன்று ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு குன்வோர் வீட்டுக்குப் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். முற்றத்தில் குன்வோர் இல்லை. பக்கத்து வீட்டு ஆல்கோட் நின்றிருந்தார். வாசற்படிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சாம்பல் மேடு. அதன் பக்கத்தில் பனியில் ஒரு நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. புது பெயிண்ட்.

ஆல்கோட்தான் சொன்னார். அந்த வாரம் முழுக்க குன்வோர் நாளுக்கு ஒரு நாற்காலியாக வெளியே கொண்டுவந்து எரித்துக்கொண்டிருந்தாராம். ஏன் என்று இவர் கேட்டதற்கு, "இதுங்க வீட்ல இருக்கிற வரைக்கும் என்னால மூச்சு விட முடியல" என்றாராம். நேற்று நாலாவது நாற்காலி. மூன்று மணி தாண்டிப் பத்து நிமிடம் இருக்கும், அதைத் தூக்கிக்கொண்டு படியிறங்குவதை ஆல்கோட் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். நாலு மணி ஆகியும் வாசல் கதவு திறந்தே கிடக்கிறதே என்று வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. படியில் உறைபனி. வழுக்கி விழுந்ததில் படியின் விளிம்பு பின்மண்டையில் பட்டு, பனியில் உருண்டு குப்புறக் கிடந்திருக்கிறார்.

"விழுந்ததும் உயிர் போகல. டாக்டரும் அதான் சொன்னார். பத்து நிமிஷமாவது இருந்திருக்கும்னார். வாய் இருந்த இடத்தைப் பாருங்க."

பார்த்தேன். பனி அந்த ஓர் இடத்தில் மட்டும் உருகி, மறுபடி உறைந்திருந்தது. உள்ளங்கை அகலம். பாலிஷ் போட்டது மாதிரி வழவழப்பு. வாசல் விளக்கு அதில் துளிகூட நெளியாமல் தெரிந்தது.

நான் பார்த்தது இங்வேயின் மூச்சா, குன்வோரின் மூச்சா, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அது பதினோரு நிமிடம் வந்துகொண்டிருந்தது. என் ஷெட்டிலிருந்து அவர் வீட்டு வாசலுக்குக் காரில் ஆறு நிமிடம்.