பாதத்தில் வைத்த ப்ரோஷர்

ஒரகடத்தில், பிரேக் தயாரிக்கும் கம்பெனியின் மார்க்கெட்டிங் பிரிவில் எங்களுக்கு ஒரு டீம் லீடர் இருந்தார். நெற்றி நிறைய விபூதி. எந்த ப்ரோஷரையும் அவர் படித்து நான் பார்த்ததில்லை. அச்சகத்திலிருந்து வரும் மாதிரிப் பிரதியை வல்லக்கோட்டை முருகன் பாதத்தில் வைத்து எடுத்து வருவார், அதுதான் ஒப்புதல்.

ஒருமுறை, "சார், நம்ம போன் நம்பரே தப்பா இருக்கு. பிரிண்ட்டுக்குப் போறதுக்குள்ள மாத்திடலாம்" என்றேன்.

"இன்னாபா நீ! சாமி பாதத்துல வெச்சி எடுத்துனு வந்துட்டேன். இனிமே அதுல கை வெக்கலாமா?"

யாரும் கை வைக்கவில்லை. அப்படியே அச்சாகி வந்ததை, அந்த மாதம் நடந்த வாகன உதிரிபாகக் கண்காட்சி முழுக்க வாரி வழங்கினோம். ஒரு வாடிக்கையாளரும் கூப்பிடவில்லை.

"டீம்ல ஒருத்தனுக்கும் பொறுப்பு இல்ல சார்" என்று டீம் லீடர் ஜி.எம். முன்னால் எங்களைக் காய்ச்சி எடுத்தார். எல்லாருக்கும் இன்க்ரிமென்ட் நின்றது.

ஒப்புதல் கொடுத்த முருகனை மட்டும் அவர் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.