டேப் ஒட்டிய பட்டன்

ஆரப்பாளையத்தில், கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி வாசலில்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். என்னைவிடப் பத்து வயது இளையவர். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, ஊசி குத்தி இறுக்கிய கொண்டை. கப்பலூர் தொழிற்பேட்டைக்குப் போகும் வேன் வந்து, சூப்பர்வைசர் பெயர் வாசித்ததும் நாங்கள் முண்டியடித்து ஏறுவோம். அவர் மட்டும் ஏறுமுன், "எந்த மெஷின்ணே?" என்று கேட்பார்.

அன்று சூப்பர்வைசர், "தகடு வெட்டுற பிரஸ்" என்றார்.

"அப்ப நான் வரலண்ணே."

"இனிமே ஒன்னையக் கூப்பிட மாட்டேன், பாத்துக்க!" என்று கத்திவிட்டு, அந்த இடத்தில் என்னை ஏறச் சொன்னார். நான்கு நாளாக வேலை கிடைக்காதவன் நான். ஏறிவிட்டேன்.

அந்தப் பெண் ஜன்னலோரம் வந்தார். "அண்ணே, அதுல ரெண்டு பட்டன் இருக்கும். ரெண்டு கையாலயும் அமுக்குனாத்தான் மெஷின் கீழ எறங்கணும். ஒரு பட்டன் அமுங்கியே இருக்குற மாதிரி டேப் ஒட்டியிருந்தா தொடாதீங்க, வந்துருங்க."

டேப் ஒட்டித்தான் இருந்தது. வேலை வேகமாக ஓட, ஒரு கையால் பட்டனை அமுக்கி, மறு கையால் தகட்டைத் தள்ள வேண்டும். திரும்பி வர எனக்குத் துணிவில்லை. மாலைவரை, ஒவ்வொரு முறையும் விரலை வெளியே இழுத்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

மறுநாள் அந்தப் பெண் முதலில் என் கைகளைப் பார்த்தார், பிறகுதான் முகத்தை. சூப்பர்வைசர் அவர் பெயரை வாசிக்கவே இல்லை.

அந்த மெஷினில் அந்தப் பெண் எதைப் பார்த்திருந்தார் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்டால், மறுபடி அந்த வேனில் என்னால் ஏற முடியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது.