உதயத்திலிருந்து ஏழரை நாழிகை

இடது கையின் ஆள்காட்டி விரல் அட்டவணையின் ஒரு வரியை அழுத்திப் பிடித்திருக்கும். வலது கை பென்சிலால் எண்களை இறக்கிக்கொண்டே போகும். நான் அந்த வீட்டுக்குள் நுழைந்த எல்லாக் காலைகளிலும் கணக்கம்மாவை இப்படித்தான் பார்த்தேன். அன்றும் அப்படித்தான். நோட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது வரி, வரிக்கு ஒரு நாள். அந்த நாளின் திதி எப்போது முடிகிறது, நட்சத்திரம் எப்போது மாறுகிறது என்று கணக்கு. ஒரு வரி முடிந்ததும் அது முடிந்த நேரத்தை ஓரத்தில் குறிப்பார். அதுவும் மணியில் அல்ல, நாழிகையில். சுவரில் கடிகாரம் இருந்தது. அதைப் பார்த்து, மனதுக்குள் மாற்றி எழுதுவார்.

கணக்கம்மா என்பது அச்சகத்தார் வைத்த பெயர். பத்தொன்பது வயதில் பிழை திருத்துபவராக அங்கே சேர்ந்தவர். பஞ்சாங்கத்தில் எழுத்துப் பிழை பார்க்கச் சொன்னால் கணக்குப் பிழையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பாராம். மூன்றாவது வருடம், "அவ்வளவு தெரிஞ்சா நீயே போடு" என்று எரிச்சலில் சொல்லிவிட்டார்கள். போட்டார். அன்றிலிருந்து முப்பத்தைந்து வருடமாகப் போடுகிறார். கலியுகம் தொடங்கிய நாளிலிருந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதுதான் அவருக்கு ஆரம்பப் புள்ளி. பதினெட்டு லட்சத்து எழுபத்திரண்டாயிரத்துச் சொச்சம். அந்தச் சொச்சத்தில் ஒன்று பிசகினால் வருடமே பிசகும்.

அச்சகத்திலிருந்து போனில் நச்சரித்தால் குரலை உயர்த்த மாட்டார்.

"கலியுகம் மொத்தம் நாலு லட்சத்து முப்பத்திரண்டாயிரம் வருஷம். அதுல ஐயாயிரத்துச் சொச்சம்தான் போயிருக்கு. உங்களால செவ்வாய்க்கிழமை வரைக்கும் பொறுக்க முடியாதா?"

அவருடைய கணவர் ரயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டதால்தான் நர்சான என்னைப் பகல் வேலைக்கு வைத்தார்கள். கார்டுக்கு நிமிடம் தவறினால் ஆகாது. மனைவியைச் சீண்டுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

"கடிகாரத்துல மணி ரெடியா இருக்கு. அதை எடுத்து இவ மறுபடி சமைச்சுச் சாப்பிடுவா."

"உங்க மணி ரயிலுக்கு. எனக்குச் சூரியன் வந்தாதான் நாள் ஆரம்பம்."

"சூரியன் லேட்டுன்னா யார்கிட்ட எழுதிப் போடுவே?"

"நீங்க ரயில் லேட்டுக்கு யார்கிட்ட எழுதிப் போட்டீங்களோ, அவர்கிட்டயேதான்."

அன்று கார்டுக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருந்தது. சக்கர நாற்காலி ஏறும் வண்டியை எட்டு மணிக்குச் சொல்லியிருந்தோம். கிளம்பும்போது கணக்கம்மாவிடம், "பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டேன். பக்கம் முடியட்டும் என்றார். முந்தின நாளும் இதையேதான் சொன்னார். அந்த மாத்திரையை நானே கையில் வைத்து விழுங்க வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

நாங்கள் திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டு இருபத்தைந்து. கணக்கம்மா நாற்காலியில் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தார். பென்சில் தரையில் கிடந்தது. வலது கை தொங்கியது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண் திறந்திருந்தது, என்னைத் தெரிந்தது. பேச முயன்றார், சத்தம்தான் வந்தது.

"ரெண்டு கையையும் தூக்குங்க."

இடது கை மட்டும் எழுந்தது. பக்கவாதம் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு டாக்டர் தேவையில்லை. ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். தலையைச் சரித்துப் பிடித்துக்கொண்டேன், தண்ணீர் கொடுக்கவிடவில்லை. பக்கத்து வீட்டம்மாவைக் கார்டோடு உட்கார வைத்தேன். கணக்கம்மாவின் மாத்திரைப் பட்டைகளையும், மேஜையில் விரித்துக் கிடந்த நோட்டையும் பையில் போட்டுக்கொண்டேன். நோயாளி கடைசியாகத் தொட்ட பொருளை எடுத்துக்கொண்டு போவது என் பழக்கம். சில நேரம் அது எலி மருந்து டப்பாவாகக்கூட இருந்திருக்கிறது.

ஒன்றேகாலுக்குள் ஸ்கேன் முடிந்துவிட்டது. டாக்டர் முப்பது வயதுப் பெண். வேகமாகப் பேசினார், ஆனால் தெளிவாகப் பேசினார்.

"ரத்தக் கசிவு இல்ல. அடைப்புதான். கரைக்க ஊசி இருக்கு. ஆனா ஆரம்பிச்சதுலேர்ந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அதுக்கு மேல போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசியலாம். எப்ப ஆரம்பிச்சது?"

"தெரியாது. நாங்க வெளிய போயிருந்தோம்."

"கடைசியா நல்லா இருந்து பாத்தது?"

"எட்டு மணி."

"அப்போ பன்னிரண்டரையோட முடிஞ்சுது." கையுறையைக் கழற்றப் போனார். "போடலன்னா உயிருக்கு உடனே ஆபத்துன்னு இல்ல. ஆனா வலது பக்கமும் பேச்சும் திரும்பறது கஷ்டம்."

வலது கையும் பேச்சும் போய்விட்டால் கணக்கம்மாவிடம் மிச்சம் என்ன என்று நான் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. நோட்டை எடுத்து டாக்டர்முன் விரித்தேன். இருபது வரிகளின் எண்கள் பல்வரிசைபோல நேராக நின்றன. இருபத்தொன்றாவது வரியில் எண்கள் சரிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கடைசியில் வெறும் கோடாக ஓடியிருந்தன.

"இருபதாவது வரி வரைக்கும் கை நல்லா இருந்திருக்கு, டாக்டர். ஓரத்துல நேரம் போட்டிருக்காங்க."

டாக்டர் குனிந்து பார்த்தார். "ஏழு முப்பது. அப்போ நீங்க கிளம்பறதுக்கு முன்னாடியே."

"மணி இல்ல. நாழிகை. ஏழு நாழிகை, முப்பது விநாழிகை. அறுபது விநாழிகை சேர்ந்தா ஒரு நாழிகை. இது ஏழரை நாழிகை."

"எனக்கு அது தெரியாது. மணியில சொல்லுங்க."

எனக்கும் முழுக்கத் தெரியாது. கார்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அவர் குரல் நடுங்கியது, கணக்கு நடுங்கவில்லை.

"நாழிகைக்கு இருபத்திநாலு நிமிஷம். ஏழரைக்கு நூத்தியெண்பது நிமிஷம், மூணு மணி நேரம். காலையில ஆறு மணியோட கூட்டினா ஒம்பது."

"ஒம்பதுன்னா ஒண்ணரை வரைக்கும்தான்," என்றார் டாக்டர். "இப்பவே ஒண்ணு இருபத்தெட்டு. பிரஷர் வேற இருநூத்திப் பத்து இருக்கு, அது இறங்காம ஊசியைத் தொடக்கூட முடியாது. சாரிம்மா."

நோட்டின் தலைப்பில் சின்னதாக ஏதோ இருந்தது. கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு படித்தேன். 'உதயம் 6.39.'

"ஐயா, உங்க வீட்டம்மா ஆறு மணிலேர்ந்துதான் எண்ணுவாங்களா?"

"எல்லாரும் ஆறுன்னுதாம்மா வெச்சுப்பாங்க."

"எல்லாரையும் நான் கேக்கல."

 "ஆறுன்னு வெச்சுக்க மாட்டா. அதுக்குத்தான் தினமும் சண்டை. சூரியன் அன்னைக்கு நிஜமா எப்ப வருதோ அதுலேர்ந்துதான் எண்ணுவா. இந்த மாசம் லேட்டாத்தான் வருது" என்றார்.

"அப்போ ஒம்பது முப்பத்தொம்பது," என்றேன்.

டாக்டர் தலையசைத்தார், ஆனால் நகரவில்லை. "உத்தேசத்துக்கு இந்த ஊசியைப் போட முடியாதும்மா. நீங்க சொல்றது தப்பா இருந்தா நானே அவங்களைக் கொன்ன மாதிரி ஆகும். இந்தக் கணக்கு சரின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் கேட்டிருப்பேன். பக்கத்தை மேலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தேன். எட்டாவது வரியின் ஓரத்தில் 'வண்டி வந்தது' என்று இருந்தது. பக்கத்தில் 3-22.

"டாக்டர், எங்க வண்டி வந்த நேரத்தை எழுதியிருக்காங்க. மூணு நாழிகை இருபத்திரண்டு விநாழிகை. இதை முதல்ல போட்டுப் பாருங்க."

டாக்டர் தன் போனை எடுத்துக் கணக்குத் தட்டினார். மூன்று நாழிகைக்கு எழுபத்திரண்டு நிமிடம், இருபத்திரண்டு விநாழிகைக்கு ஒன்பது நிமிடம். ஆறிலிருந்து எண்ணினால் ஏழு இருபத்தொன்று. ஆறு முப்பத்தொன்பதிலிருந்து எண்ணினால் எட்டு.

"வண்டி எத்தனை மணிக்கு வந்தது, சார்?"

"ஏழு ஐம்பத்தொம்பதே முக்கால்," என்றார் கார்டு. "டிரைவர் எட்டுன்னு எழுதினான்."

டாக்டரின் வாயோரம் ஒரு கணம் அசைந்தது. உடனே குரல் மாறியது. "ரெண்டு ஒம்பது வரைக்கும் டைம் இருக்கு. பிரஷருக்கு மருந்து ஏத்துங்க. எடை பாருங்க." நர்சுகள் நகர்ந்தார்கள். போன் பக்கம் திரும்பினார். "சார், நூறு பேருக்குப் போட்டா ஆறு பேருக்கு உள்ளே ரத்தம் கசியலாம். அதுல உயிரும் போகலாம். உங்க சம்மதம் வேணும்."

கார்டு என்னைத்தான் கேட்டார். 

"நீங்க என்ன சொல்றீங்கம்மா?"

"நான் சொல்லக் கூடாது. எனக்கு வந்திருந்தா போடுன்னு சைகை காட்டியிருப்பேன்."

"அவளைக் கேளுங்க. அவளுக்குப் புரியும்."

கட்டிலருகே போய்க் குனிந்தேன். விஷயத்தைச் சுருக்கமாக, மறைக்காமல் சொன்னேன். நூற்றுக்கு ஆறு என்பதையும் சொன்னேன். எண்ணைச் சொல்லாமல் விட்டிருந்தால் அவர் என்னை மன்னித்திருக்க மாட்டார். சம்மதம் என்றால் இடது கையை அழுத்தச் சொன்னேன். என் விரல்கள் வலிக்கும்படி அழுத்தினார்.

"போடச் சொல்றாங்க."

"அப்போ போடுங்க," என்றார் கார்டு.

இனி பிரஷர் இறங்க வேண்டும். நூற்று எண்பத்தைந்துக்குக் கீழே வந்தால்தான் ஊசி. ஒன்று நாற்பத்தாறுக்கு இருநூற்று நாலு. ஒன்று ஐம்பத்தொன்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு. டாக்டர் சுவர்க் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி நின்றார், இருந்தாலும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஒன்று ஐம்பத்தைந்துக்கு நூற்றுத் தொண்ணூறு. போனை நான் அணைக்கவில்லை. கார்டு ஒவ்வொரு எண்ணையும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார், ஸ்டேஷன் பெயர்களைப் போல. இரண்டு மணி ஒரு நிமிடத்துக்கு நூற்று எண்பத்திரண்டு.

இரண்டு மணி மூன்று நிமிடத்துக்கு மருந்து ஏறத் தொடங்கியது.

அதன்பின் செய்ய வேண்டியது காவல் மட்டும்தான். கால்மணிக்கு ஒருமுறை பிரஷர், கண்ணுக்கு டார்ச், கையைத் தூக்கு, காலைத் தூக்கு. தலை வலிக்கிறது என்று சைகை காட்டினால் மருந்தை நிறுத்த வேண்டும். வலிக்கவில்லை. நான்கு மணிக்கு வலது கட்டைவிரல் அசைந்தது. நானாகக் கற்பனை செய்துகொண்டேனோ என்று மறுபடி அசைக்கச் சொன்னேன். அசைந்தது. ஆறு மணிக்கு முழங்கை மடங்கியது. அதற்குப் பிறகுதான் வெளியே போய் எதையோ சாப்பிட்டேன்.

மறுநாள் காலை இன்னொரு ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக் கசிவு இல்லை. பணி மாறி வந்த சின்ன நர்ஸ் கேள்வித் தாளோடு வந்து நின்றாள். புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கான கேள்விகள்.

"உங்க வயசு என்னம்மா?"

நாக்கு இன்னும் கனமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு சொல்லாக வெளியே தள்ளினார். "எனக்கு... அம்பத்தேழு. பிரம்மாவுக்கு... அம்பது முடிஞ்சுது... அம்பத்தொண்ணு நடக்குது. என்னைவிட... சின்னவர்."

நர்ஸ் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வயசு சரி," என்றேன். "மீதியும் சரிதான், அவங்க போடுற பஞ்சாங்கத்துல முதல் பக்கமே அதுதான். அம்பத்தேழுன்னு மட்டும் எழுதிக்கோம்மா."

பிறகு கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, முகவாயைக் கீழே தாழ்த்தச் சொல்லி, ஒரு சிறு கரண்டித் தண்ணீர் கொடுத்தேன். விழுங்கினார். இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவதில் இருமினார். நிறுத்திவிட்டேன். பதினோரு மணிக்கு மறுபடி பார்ப்பது, அதுவரை வாய்வழியாக எதுவும் வேண்டாம் என்று நர்ஸ் அட்டையில் எழுதினாள். ஈரத் துணியால் உதட்டைத் துடைத்தேன். பிறகு இருவருமாக அவரை இடப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணையை அணைத்துக் கொடுத்தோம்.