நான்காவதாக நின்றவன்

படம் எடுத்த அன்று எங்கள் குடிசை முன்னால் யார் யார் இருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர், ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலையில் மூட்டை தூக்கி இடுப்பு போனவர். நான், அதே ஆலையில் குச்சிக்கிழங்குக்குத் தோல் உரிக்கிறவள். எங்கள் மகள், பிறந்ததிலிருந்தே கால் இரண்டும் வராது, பிளாஸ்டிக் சேரில் உட்கார வைத்திருந்தோம். பக்கத்துக் குடிசைத் தம்பி. போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் வேலை, லீவுக்கு வந்திருந்தான். அப்புறம் போட்டோக்காரர்.

மல்லசமுத்திரம் பக்கம் ஏரிப் புறம்போக்கில் இருக்கிறோம். ஏரி நிரம்பினால் தண்ணீர் முதலில் எங்கள் வாசலுக்குத்தான் வரும். மகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுவது வீட்டுக்காரர் வேலை. இடுப்பு போன பிறகு அவரால் முடியவில்லை. அதிலிருந்து வானம் இருட்டினால் எனக்கு ஒரே நினைப்பு. இவளை யார் தூக்குவது.

ஒரு அறக்கட்டளை ரோட்டுக்கு மேல்புறம் காங்கிரீட் வீடு கட்டித் தரப் போகிறது, அதற்குத்தான் படம் எடுக்கிறேன் என்று போட்டோக்காரர் சொன்னார். மெட்ராஸ்காரர். மரியாதையாகப் பேசினார். அடுப்பை எடுத்தார். ஒழுகுகிற கூரையை எடுத்தார். கிழங்குப் பால் பட்டு வெடித்த என் கையை எடுத்தார். மகள் காலைக் கிட்டப் போய் ரொம்ப நேரம் எடுத்தார். மகள் என்னைப் பார்த்தாள்.

“ஏம்மா, இவரு என்ற காலை மட்டுந்தான் எடுப்பாராட்ட இருக்குது. மூஞ்சி என்ன பாவம் பண்ணுச்சு?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி, குடும்பமாக நில்லுங்கள் என்றார். மகளை நடுவில் விட்டு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் வீட்டுக்காரர். நின்ற உடனே வீட்டுக்காரர் விலகிக்கொண்டார். மூன்று பேராகப் படம் பிடிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். நடுவில் இருக்கிற உயிர் தங்காது.

“மூணு பேரா நிக்கக் கூடாதுங்க. நடுவுல இருக்கறது புள்ளைங்க.”

போட்டோக்காரர் வற்புறுத்தவில்லை. பைக் கழுவிக்கொண்டிருந்த பக்கத்துக் குடிசைத் தம்பியை வீட்டுக்காரர் கூப்பிட்டார். அவன் உள்ளே ஓடித் தலை சீவி, கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு வந்தான்.

“நல்லா எடுக்கச் சொல்லுங்கக்கா. புரோக்கர்கிட்டக் குடுக்கோணும். ரிக்குக்காரன்னா ஒருத்தனும் பொண்ணு தர மாட்டேங்கறான்.”

போட்டோக்காரர் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். யாரும் சிரிக்க வேண்டாம் என்றார். தம்பி மகளுக்குப் பின்னால் நின்று சேர் மேல் கையை வைத்துக்கொண்டான். எடுத்தார்.

பிறகு கண்ணாடிச் சட்டம் போட்டு அந்தப் படத்தைக் கூரியரில் அனுப்பியிருந்தார். நன்றாக இருந்தது. மகள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் மாட்டினேன்.

ஆடி முடிந்து அறக்கட்டளை ஆள் வந்தார். கையில் போன், போனில் அதே படம். மகன் எங்கே என்று கேட்டார். மகன் கிடையாது என்றேன். இது யார் என்றார். சொன்னேன். மூன்று பேராக நிற்கக் கூடாது என்பதையும் சொன்னேன். ரேஷன் கார்டைக் காட்டினேன். அதில் மூன்று பேர்தான்.

“கார்டுல பையன் பேரை எடுத்துட்டு தனிக்கார்டு வாங்கறது எல்லா ஊர்லயும் நடக்குதும்மா. சம்பாதிக்க ஆம்பளை இல்லாத வீட்டுக்குத்தான் நாங்க கட்டறோம். கோவிச்சுக்காதீங்க.”

தம்பி அப்போது ரிக்கோடு மராட்டியத்தில் இருந்தான். போன் போட்டுக் கொடுத்தேன். தன்னைப் பெற்றவள் வேறு, அவள் செத்தே பல வருசமாயிற்று என்று அவன் கத்தியது எனக்கே கேட்டது. அந்த ஆள் போனைத் திருப்பிக் கொடுத்து, அக்கம்பக்கத்தார் ஒருத்தருக்கொருத்தர் இப்படித்தான் பேசுவார்கள் என்றார். போட்டோக்காரரையும் போனில் கூப்பிட்டேன். நல்லபடியாகப் பேசினார். தான் எடுத்துச் சொல்வதாகச் சொன்னார். சொல்லியிருப்பார்.

வீடுகள் கட்டி முடிந்தன. எங்கள் வாசலில் நின்றால் தெரியும். வெள்ளைச் சுண்ணாம்பு.

ஐப்பசியில் ஏரி உடைத்துக்கொண்டது. பட்டப்பகல். நான் ஆலையில் இருந்தேன். வீட்டுக்காரர் மட்டும்தான் இருந்தார். சேரோடு சேர்த்து அவளை இழுத்திருக்கிறார். வாசல் தாண்டுவதற்குள் விழுந்துவிட்டார், சேரும் சாய்ந்துவிட்டது. ஆட்கள் வந்து தூக்குகிற வரைக்கும் அவள் கழுத்தளவு தண்ணீரில் கிடந்தாள். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். கார்த்திகை பிறப்பதற்குள் போய்விட்டாள்.

மூன்று பேராகவே நின்றிருந்தால் வீடாவது கிடைத்திருக்கும் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அந்த நாள் திரும்பி வந்தாலும் நாங்கள் நாலாவது ஆளைக் கூப்பிடத்தான் செய்வோம். நடுவில் பிள்ளையை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வது.

காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டியிருந்தது. ஆதார் அட்டையில் அவள் முகம் கறுப்பாக இருக்கும், கண்ணே தெரியாது. சுவரில் இருந்ததைக் கழற்றிக்கொண்டு ஆட்டையாம்பட்டி ஸ்டுடியோவுக்குப் போனேன். அங்கே இருந்தவர் கம்ப்யூட்டரில் அவள் முகத்தை மட்டும் எடுத்துப் பெரிதாக்கிக் கொடுத்தார். முகம் நன்றாக வந்திருந்தது.

கூடவே இன்னொரு படமும் வைத்திருந்தார். நான் கேட்கவில்லை, அவராகச் செய்தது. இறந்தவர்கள் இருக்கிறவர்களோடு ஒரே படத்தில் இருக்க வேண்டாமுங்க, மனசுக்குச் சங்கடம் என்றார். அதற்குக் காசு வாங்கவில்லை. நல்ல மனுசன்.

வீட்டுக்கு வந்துதான் அதைப் பிரித்தேன். சேர் இல்லை. சேர் இருந்த இடத்தில் மண்ணும் குடிசைக் கீற்றும் வரும்படி செய்திருந்தார். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் வீட்டுக்காரர். தம்பியின் கை எதன் மேலும் இல்லாமல் நிற்கிறது. அவன் இன்னும் வடக்கேதான் ரிக்கில் ஓடுகிறான். ஊரான் பெற்ற பிள்ளை. இப்போது நடுவில் நிற்பது அவன்.

அதை மாட்டவில்லை. அரிசிப் பானைக்குப் பின்னால் திருப்பி வைத்திருக்கிறேன். வைப்பதற்கு முன்னால் ஒரு தடவை எண்ணினேன்.

மூன்று பேர்.