செயின் இல்லாத வண்டிக்குக் குங்குமம்

இன்று விஸ்வகர்மா பூஜை, வங்காளத்தின் ஆயுத பூஜை. ஜாதவ்பூரில் எங்கள் தெருமுனை மெக்கானிக் சங்கர்தா, தன்னிடம் வரும் பைக்குகளின் செயினுக்கெல்லாம் எண்ணெய் விட்டு, அதன் மேலேயே குங்குமமும் வைப்பார். ஆண்டுதோறும் இதுதான் வழக்கம்.

போன வாரம் செகண்ட் ஹேண்டாக நான் வாங்கிய டூரிங் பைக் அருகே எண்ணெய்க் குப்பியோடு குந்தினார். எழுந்து மறுபக்கமும் போய்ப் பார்த்தார்.

"திதி, செயின் கோதாய்?" அக்கா, செயின் எங்கே என்கிறார்.

செயினே கிடையாது, மூடிய குழாய்க்குள் ஒரு தண்டு சுற்றிச் சக்கரத்தைத் திருப்பும் என்று விளக்கினேன். மழையில் துருப்பிடிக்காது. தினம் ஆபீஸுக்கும் சரி, லீவில் டார்ஜிலிங் வரைக்கும் சரி, நடுவழியில் நிறுத்தி எண்ணெய் விட வேண்டாம்.

என் கணவர் விடவில்லை. "என்னா கனம்! கெட்டுப்போனா இந்த ஊர்ல யாரு பார்ப்பாங்க?"

"கனம்தான். போன மாசம் முழங்கால் தண்ணியில உங்க செயின் அறுந்தப்போ, கூட வந்து தள்ளினது யாரு?"

சங்கர்தா கொஞ்சம் யோசித்தார். தண்டு பின்சக்கரத்தில் வந்து சேரும் பெட்டியைத் தடவிப் பார்த்து, அதற்குக் குங்குமம் வைத்தார். "நான் பார்ப்பேன். கத்துக்கிட்டா போச்சு" என்றார் வங்காளத்தில்.

அடுத்து என் கணவரின் பைக். செயினில் தாராளமாக எண்ணெய் விழுந்தது. பூஜைக்காகப் போட்ட வெள்ளைப் பைஜாமாவோடு இவர் கம்பீரமாக ஏறி உட்கார்ந்தார்.

வெள்ளைத் துணியில் செயின் எண்ணெய்க் கறை போக என்ன போட வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எனக்காகக் கேட்கவில்லை.