தங்கை அழுதால் எனக்கு ஜுரம்

என் தங்கைக்குக் கரு கலைந்ததை அவள் என்னிடம் சொல்லவில்லை. திருப்பாலைவனம் பஸ் நிறுத்தத்தில் பார்த்த அவள் வீட்டுக்காரர்தான், எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து, இப்போது எழுந்து நடமாடுகிறாள் என்றார். நான் பார்த்துக்கொள்ளும் பால்வாடிப் பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே அவள் இருக்கும் தோணிரேவுக்கு ஓடினேன்.

அவள் வாசலில் உட்கார்ந்து இறால் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நான் அழுதா நீ ஜுரத்துல விழற. அப்புறம் உன்ன யாரு பாக்கறது? அதான் உங்கிட்ட அழறதையே வுட்டுட்டேன்க்கா."

அம்மா போனபோது அவள் பால் பல் விழாத பிள்ளை. நைனா படகோடு ஏரிக்குப் போய்விடுவார். சோறூட்டியது, தலை வாரியது, பெண் பார்க்க வந்தவர்களிடம் பேசியது எல்லாம் நான்தான். கல்யாணமான பிறகும் காலையில் போனில் அவள் குரல் சரியாக இருந்தால்தான் எனக்கு இட்லி இறங்கும். குரல் கம்மியிருந்தால் அன்று முழுக்க எனக்கு வேலை ஓடாது. அவளுக்கும் மாமியாருக்கும் நடுவில் நானே போய்ப் பேசிக் கெடுத்ததும் உண்டு. அதையெல்லாம் பாசம் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் சொன்னதைக் கேட்ட பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

பால்வாடிக்கு ஊசி போட வரும் நர்சம்மாவிடம் சொன்னேன். மனசுக்கும் டாக்டர் உண்டு என்றார். பொன்னேரியில் முதலில் பார்த்தவர், என் மாதிரி அக்கா கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று பாராட்டி அனுப்பினார். பஸ்ஸில் வரும்போது பெருமையாக இருந்தது. மறுநாள் தங்கை போனை எடுக்கவில்லை, திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருந்தேன். அடுத்து, போனிலேயே ஆலோசனை சொல்லும் ஒரு அம்மா, கொஞ்ச நாளைக்குத் தங்கையோடு பேச்சையே நிறுத்தச் சொன்னார். சாயங்காலம் வரைகூட என்னால் தாங்க முடியவில்லை.

இனி வேண்டாம் என்றிருந்தேன். நர்சம்மா விடாமல் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கே இருந்த மனநல டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். ஜலதோஷத்தோடு மூக்கை உறிஞ்சிக்கொண்டே, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"தங்கச்சி நல்லாருக்கா மேடம்."

"அவங்க சரி. நீங்க?"

அவள் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் முதுகு வலிக்கிறது என்றேன். அதற்கே அழுகை வந்துவிட்டது. இவளிடம் வரலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

அவள் பெரிதாக எதையும் மாற்றச் சொல்லவில்லை. தங்கைக்குப் போன் போடக் கை போகும்போது, அந்த நேரத்தில் எனக்கு என்ன செய்கிறது என்று கவனிக்கச் சொன்னாள். பல நாள் கவனித்துவிட்டும் போன் போட்டேன். அதற்காக அவள் கோபிக்கவில்லை.

மழைக்காலம் முடிந்தபின் ஒருநாள் தங்கையே கூப்பிட்டாள். போனபோது ஏரிக்கரையில் ஈரப்புடவையோடு உட்கார்ந்திருந்தாள். தண்ணீரில் இறங்கிக் சேற்றில் கையால் தடவி இறால் பிடித்துவிட்டு அப்போதுதான் கரையேறியிருந்தாள். பெண் குழந்தையாக இருந்திருக்கும் என்று தோன்றுவதாகச் சொன்னாள். பிறகு வாய்விட்டு அழுதாள். எந்தக் கோயிலுக்குக் கூட்டிப் போகலாம், எந்த டாக்டரைப் பார்க்கலாம் என்று என் நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"நான் இன்னா செய்யட்டும், சொல்லு" என்றேன்.

"ஒண்ணும் செய்ய வேணாம்க்கா. இப்டியே குந்து."

உட்கார்ந்தேன். அவள் தலை என் தோளில் சாய்ந்தது, என் புடவையும் நனைந்தது. அழுது முடித்ததும் பசிக்கிறது என்றாள். அவள் வீட்டுக்குப் போய் இரண்டு பேரும் பழையது சாப்பிட்டோம். எனக்கு வஞ்சிரக் கருவாடு வறுத்துக் கொடுத்தாள். அன்று ராத்திரி எனக்கு ஜுரம் வரவில்லை.