என்னில் தொடங்கிய பிரசங்கம்

ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரின் துவர்ப்பு நெடியும் சுண்ணாம்புக் காரமும் கலந்து மூக்கில் ஏறினால், எனக்கு இன்றைக்கும் ஒரு பிரசங்கம் காதில் கேட்கத் தொடங்கிவிடும். ஆம்பூர்ச் சந்தைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் தோல் பதனிடும் "தோல் ஷாப்"பில் வேலை செய்கிறவர்கள். அவர்களோடு அந்த நெடியும் வரும். புளியமரத்தடியில் மரப்பெட்டிமேல் ஏறி நின்று அவர்களுக்குச் சுவிசேஷம் சொல்வார், உபதேசியாராக இருந்த என் தகப்பனார். அவரை நான் "நைனா" என்று கூப்பிடுவேன். அம்மா என்னைப் பெற்ற கையோடு போய்விட்டதால், எனக்கு இருந்த ஒரே ஆள் அவர்தான்.

நைனாவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. "எதுல ஆரம்பிச்சாலும் ஏசுகிட்ட வந்து நிக்கணும். இல்லேன்னா அது பிரசங்கம் இல்ல, ஊர்க்கதை" என்பார். பாலாற்றில் தண்ணீர் வரவில்லை என்று ஆரம்பிப்பார், ஜீவத்தண்ணீர் தருகிறவரிடம் போய்விடுவார். ஆட்டுத்தோலில் ஆரம்பித்தால் தேவ ஆட்டுக்குட்டி. ஏசு என்ற பெயரைச் சொல்லும்போது அவர் குரல் இளகும், கண் கலங்கும். என்னைக் கூப்பிடும்போது ஒருநாளும் அந்தக் குரல் வந்ததில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு இயேசுவின்மேல் பொறாமை. சாதாரணப் பொறாமை இல்லை, வயிற்றெரிச்சல். கூடப்பிறந்தவராக இருந்தால் கிள்ளியாவது வைக்கலாம், இவரை என்ன செய்வது?

எட்டு வயதில் விஷஜுரம் வந்து பிழைத்தேன். எழுந்து நடமாடிய பிறகு வந்த முதல் சந்தையன்று நைனா என்னைக் கூட்டிப்போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். "என் பொண்ணு எஸ்தரு சாவக் கெடந்தா" என்று அவர் ஆரம்பித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பிரசங்கத்தில் என் பேர்! சந்தையே என்னைப் பார்த்தது. ஆனால் மூன்றாவது வாக்கியத்திலேயே நான் காணாமல் போனேன். பைபிளில் செத்துப்போன யவீருவின் மகளைக் கையைப் பிடித்து எழுப்பிய இயேசு வந்துவிட்டார். "அவருதான் இந்தப் பொண்ணு பக்கத்துல உக்காந்து காப்பாத்தினாரு" என்றார் நைனா.

என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று, "பொய்! அவரு ஒண்ணும் உக்காரல. நீதான் உக்காந்த. நீதான் கஞ்சி ஊத்தின!" என்று கத்தினேன்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்யும் முனிசாமி, "இன்னா உபதேசியாரே, பொண்ணுக்குப் பதில் சொல்லுங்க" என்றான்.

அடி விழும் என்று நினைத்தேன்.  நைனா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாப்பா சொல்றது நெஜம். நான்தான் உக்காந்தேன். இது போய்ட்டா நான் இன்னா பண்ணுவேன்னு கொழந்த மாதிரி அழுதேன். அப்போ என் பக்கத்துல ஒருத்தர் உக்காந்திருந்தாரு. அவரப் பத்திதான் சொல்ல வந்தேன்."

மறுபடியும் அவரிடமே போய்விட்டார். தோற்றது நான்தான். ஆனாலும், எனக்காக அழுததைச் சொன்னபோது நைனாவுக்கு அந்த இளகிய குரல் வந்ததை நான் கவனித்துக்கொண்டேன்.

இப்போது அந்தப் புளியமரம் இல்லை. அந்த இடத்தில் தோல் மண்டிக்குச் சுவர் எழுப்பிவிட்டார்கள். பெட்டிமேல் ஏறிப் பேசவும் ஆளில்லை. போன மாசியில் நைனாவும் போய்விட்டார். கடைசி மூன்று நாளும் நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊற்றினேன். மூன்றாம் நாள் காலையில் கண்ணைத் திறந்து, அந்தக் குரலில், "எஸ்தரு" என்றார். நான் குனிந்து காதைக் கொடுத்தேன். அடுத்த வார்த்தை "ஆண்டவரே." சந்தைப் பிரசங்கம் மாதிரியே, என்னில் ஆரம்பித்து அவரிடம் போய்விட்டார்.